நான்காவது பிளக்

ஒரு ஸ்பார்க் பிளக்கின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை என்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைய முடியும். பீங்கான், உலோக உறை, நடுவில் ஒரு மின்முனை, ஓரத்தில் வளைந்து வரும் இன்னொரு மின்முனை, இரண்டுக்கும் நடுவே நகத்தின் தடிமன் அளவு இடைவெளி. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன் நான். இருபது வருடத்துக்கும் மேலாக அதைக் கரும்பலகையில் வரைந்து வருகிறேன். பாகங்களைச் சரியாகக் குறித்தால் முழு மதிப்பெண்.

அப்பேர்ப்பட்ட நான் ஒரு பிளக்கை முதன்முதலாகக் கையால் தொட்டது நாற்பத்தெட்டு வயதில். தொட்ட அன்றைக்கே என் தங்கை புருஷனை ஊரைவிட்டுக் கிளப்பிவிட்டேன்.

முதல் நாள் வேலைக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

சிலவற்றை எழுதினால் பாரம் குறையும் என்பார்கள். இந்தத் தொடரில் இத்தனை வாரங்களாக என்னென்னவோ அசட்டுத்தனங்களை எழுதிவிட்டேன், ஒரு கிராம் குறையவில்லை. இதுவும் குறையாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பின்பக்கம் சுடும் வண்டி

என் தங்கை செல்வியைக் கட்டிக் கொடுத்தது அகரத்துக்கும் எரியோட்டுக்கும் இடையில், பேருந்து ஒரு நாளைக்கு நான்கு தடவை வந்துபோகும் ஒரு ஊரில். மாப்பிள்ளை முருகேசனுக்கு மல்லித் தோட்டமும், பழைய பெட்ரோல் லோடு வண்டி ஒன்றும் உண்டு.

ஊரே டீசல் வண்டி வாங்கியபோது முருகேசன் பெட்ரோல் வண்டி வாங்கினார். "டீசல் வண்டி ஆட்டுற ஆட்டுல மொட்டு உதிர்ந்துரும் மச்சான்" என்பார். அது எவ்வளவு தூரம் அறிவியல் என்று நான் கேட்டதில்லை. மொட்டுக்காக வண்டி பார்த்து வாங்கிய மனிதரிடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

அந்த வண்டிக்கு எஞ்சின் முன்னால் கிடையாது, சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கினால்தான் எஞ்சின் தெரியும். திண்டுக்கல் போய்ச் சேர்வதற்குள் நம் பின்பக்கம் இட்லிப் பானையில் வைத்ததுபோல் வெந்துவிடும். மழைக்காலத்தில் அது ஒரு சுகம்.

தினமும் விடிகாலையில் சொந்தத் தோட்டத்துப் பூவோடு இன்னும் ஐந்து வீட்டுப் பூவையும் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போவார். ஆறு வீட்டு மூட்டைக்கும் அடையாளம் அந்தந்த வீட்டுச் சேலைத் துணி. மஞ்சள் சேலை பேச்சியக்கா வீடு. பேச்சியக்கா தனிக்கட்டை. முப்பதோ நாற்பதோ செடிதான். ஆனால் மூட்டை கட்டுகிற நேர்த்தியில் கோயில் பிரசாதம் தோற்றுப்போகும்.

அந்த வருடம் முருகேசனுக்கு எதுவும் சரியில்லை. போர்வெல் பாதி நேரம் காற்றைத்தான் கக்கியது. மொட்டில் புழு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை இருப்பதாகச் சிநேகிதர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"பூசை முடியட்டும்னு சொல்லியிருக்கேன் மச்சான். இந்த ஆயுத பூசைக்கு நம்ம வண்டி ஒழுங்கா ஓடி, பூவும் கை குடுத்துருச்சுன்னா இங்கனயே கிடந்துருவேன். இல்லாட்டி திருப்பூர்தான்."

அவர் இதைச் சொன்னது என்னிடம். கேட்டுத் தலையாட்டியதும் நான்தான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை.

குளித்த எஞ்சின்

காலாண்டு விடுமுறை. பூசைக்கு இரண்டு நாள் முன்னாலேயே தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன். பையில் துணியோடு புதிய ஸ்பார்க் பிளக் நான்கு. பூசைக்கு வண்டிக்குப் புதிதாக ஏதாவது போடுவது அவர்கள் வழக்கம். மற்றவர்கள் மாலை வாங்குவார்கள், சீட்டு உறை வாங்குவார்கள். நான் படித்தவன் இல்லையா, பிளக் வாங்கினேன்.

வீட்டில் எல்லாரும் ஓடியாடிக்கொண்டிருக்க நான் மட்டும் சும்மா உட்கார்ந்து முறுக்குத் தின்பது எனக்கே உறுத்தியது. "வண்டியைக் கழுவி வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"கழுவுண்ணே. எஞ்சினையும் சேத்துக் கழுவு. பூசையே அதுக்குத்தானே" என்றாள் செல்வி.

எங்கள் பக்கத்து ஆயுத பூசையில் இப்படி ஒரு சங்கதி உண்டு. வருடமெல்லாம் எண்ணெயிலும் தூசியிலும் கிடக்கும் எஞ்சினை அன்றைக்கு மட்டும் குளிப்பாட்டிப் பொட்டு வைப்பார்கள். குளிப்பாட்டினால் துவட்டிக் காயவைக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளை வைத்திருக்கிற எவருக்கும் தெரியும். எனக்கு எஞ்சினைப் பற்றிப் புத்தக அறிவு மட்டும்தான் இருந்தது.

சீட்டைத் தூக்கினேன். மோட்டார் குழாயை நீட்டினேன். அன்றைக்கென்று போர் காற்றைக் கக்காமல் தண்ணீரைக் கொட்டியது. அரை மணி நேரம் அடித்தேன். எஞ்சின் பளபளத்தது. சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, சீட்டைப் போட்டு மூடினேன்.

லேப் அட்டெண்டர்

இந்த இடத்தில் எங்கள் பள்ளி லேப் அட்டெண்டர் அந்தோணி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாணவர்களுக்கு மின்பொறி காட்டுவதற்காகத் தூண்டு சுருளை இணைத்தேன். பொறி வரவில்லை. வேறு எங்கிருந்தோ புகை வந்தது. அந்தோணி அண்ணன் அமைதியாக வந்து என் கையிலிருந்த வயரை வாங்கிக்கொண்டார். "சார், நீங்க பேசுங்க. நான் செய்யுறேன்."

அன்று தொடங்கிய ஒப்பந்தம் அவர் ஓய்வு பெறும்வரை நீடித்தது. நான் பேசினேன், அவர் செய்தார். மாணவர்கள் எனக்குக் கை தட்டினார்கள். வருடம் போகப் போக, செய்ததும் நான்தான் என்று எனக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது.

அவர் ஓய்வு பெற்ற மாலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், இனிமே எதையும் தனியா தொட்றாதீங்க" என்றார். பிரிவின் உருக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். எச்சரிக்கை என்று பட்டது பல வருடம் கழித்து, அகரம் ரோட்டோரத்தில்.

இருமல்

பூசைக்கு முந்தின நாள் காலைதான் மார்க்கெட்டில் பூவுக்கு உச்சம். அன்று விடியுமுன்னே எல்லாத் தோட்டத்திலும் ஆள். மொட்டாகப் பறித்து, ஈரத் துணியில் கட்டி, வண்டியில் அடுக்கியபோது கிழக்கு வெளுத்திருந்தது. பேச்சியக்கா தன் மஞ்சள் மூட்டையைத் தானே ஏற்றி வைத்து, "மேல எதையும் போட்றாத அப்பு" என்று முருகேசனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நானும் ஏறிக்கொண்டேன். தேவையே இல்லை. மார்க்கெட் பார்க்க ஆசை.

கிளம்பும்போதே வண்டி இருமியது. இரண்டு கிலோமீட்டர் போனதும் நான்கு காலில் இரண்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆடு மாதிரி குலுங்கியது. அகரத்துக்குச் சற்று முன்னால் ஒரு புளியமரத்தடியில் முருகேசன் ஓரங்கட்டினார்.

"மிஸ்ஸாகுது. மெதுவா உருட்டிக்கிட்டே போயிரலாமா மச்சான்?"

"வேணாம் மாப்ளே. இப்படி ஓட்டினா பிஸ்டன் போயிரும்." என் குரலில் அப்படி ஒரு கம்பீரம். "பிளக்தான். புதுசு நாலும் பையிலயே இருக்கு. கால் மணி நேரம்."

சீட்டைத் தூக்கினோம். பிளக் உட்கார்ந்திருக்கும் குழிகளின் மேல் ரப்பர் மூடி. ஒன்றை இழுத்ததும் உள்ளே தண்ணீர் தளும்பியது.

முருகேசன் குனிந்து பார்த்தார். "மச்சான், தண்ணி கிடக்கு. போன வருசமும் பூசைக்கு..."

"தண்ணி மேலதான் மாப்ளே கிடக்கு. பிளக் வேலை செய்யுறது உள்ள. இப்ப பாருங்க, இக்னிஷன் காயில்ல இருந்து உயர் மின்னழுத்தம் வருதுன்னு வைங்க..." என்று ஆரம்பித்தேன். தூண்டல், மின்னழுத்தம், பொறி, எரிதல், நான்கு வீச்சு. மொத்தப் பாடத்தையும் புளியமரத்தடியில் நடத்தினேன். தண்ணீர் மின்சாரத்தை வழியிலேயே கசியவிடும் என்பதும் அந்தப் பாடத்தில்தான் இருக்கிறது. அதை நான் மதியத்துக்கு மேல்தான் நடத்துவது வழக்கம்.

முருகேசன் தொடங்கிய வாக்கியம் அப்படியே நின்றுபோனது. வாத்தியார் பேசும்போது குறுக்கே பேசாத வளர்ப்பு.

நான்கில் மூன்று

பிளக் மாற்றுவது எப்படி என்று ஒரு வீடியோ பார்த்திருந்தேன். குளிர் நாட்டுக்காரர் ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு, பெரிய பிக்கப் வண்டி ஒன்றில், பாட்டு முணுமுணுத்தபடியே எட்டு பிளக்கை மாற்றினார். முதல் இரண்டு நிமிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். பிறகு தேடிப் பார்த்தபோது தெரிந்தது: எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கை வைக்க வேண்டும், புது பிளக்கை முதலில் விரலால்தான் திருக வேண்டும் என்பதைத்தான் அந்த இரண்டு நிமிடமும் சொல்லியிருக்கிறார்.

டூல்ஸ் பையிலிருந்த பிளக் ஸ்பேனரை எடுத்தேன். தண்ணீரைத் துண்டால் ஒற்றினேன். முதல் மூன்று பிளக்கும் தகராறு இல்லாமல் கழன்று, புதியவை உட்கார்ந்தன. எஞ்சின் சூட்டில் புறங்கை கொப்பளித்ததுகூடப் பெருமையாக இருந்தது. உழைக்கும் வர்க்கத்தில் ஒருவனாகிவிட்டேன் என்று தோன்றியது. உழைக்கும் வர்க்கம் பக்கத்தில் நின்று துண்டு பிடித்துக்கொண்டிருந்தது.

நான்காவது பின்னால், கை நேராக எட்டாத மூலையில். கழற்றிவிட்டேன். புதியதை விரலுக்குப் பதிலாக நேராக ஸ்பேனரில் சொருகி, சாய்வாக வைத்துத் திருகினேன். இரண்டு சுற்றில் இறுகியது.

"இறுக்கமா இருக்கே மச்சான்?"

"புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்."

ஸ்பேனர் கம்பியில் ஒரு குழாயை மாட்டி, உடம்பு எடையெல்லாம் போட்டு அழுத்தினேன். 'கிரீச்' என்று ஒரு சத்தம். பிறகு வெண்ணெயில் போவதுபோல் சுலபமாகச் சுற்றியது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பிளக்கின் எஃகு மரை, குழியின் அலுமினிய மரையைத் தின்ற சத்தம் அது. எது மிருது, எது கெட்டி என்பதையும் நான்தான் வகுப்பில் சொல்லித் தருகிறேன்.

முருகேசன் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே ஒரு நொடி அழகாகப் பாடியது. அதை மறக்க மாட்டேன். அடுத்த நொடி பட்டாசுபோல் ஒரு வெடி. நான்காவது பிளக் குழியிலிருந்து தெறித்து, தூக்கி வைத்திருந்த சீட்டின் அடியில் மோதி, என் காலடியில் விழுந்து புகைந்தது.

முருகேசன் எஞ்சினை நிறுத்தினார். புகைந்த பிளக்கைத் துண்டால் எடுத்து ஓரமாக வைத்தார். புளியமரத்தில் ஒரு காக்கை கத்திவிட்டுப் போனது.

வாசம்

பிறகு காத்திருந்தோம்.

ரோட்டில் வந்த ஒவ்வொரு வண்டிக்கும் முருகேசன் கை காட்டினார். எல்லாம் பூ வண்டிகள், கூரை வரைக்கும் மூட்டை. கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனார்கள். பேருந்தில் ஆளுக்கே இடமில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். எல்லாரும் மார்க்கெட்டில் இருந்தார்கள். போனுக்குள் ஏலச் சத்தம் கேட்டது.

வெயில் ஏறியது. அதோடு வாசமும்.

மல்லி மொட்டாக இருக்கும்போது அவ்வளவாக மணக்காது. விரிய விரியத்தான் மணக்கும். விரிந்த பூவை மார்க்கெட்டில் யாரும் சீண்ட மாட்டார்கள். எங்களுக்குப் பின்னால் ஆறு வீட்டு மூட்டையும் ஈரத் துணிக்குள் மெல்ல வாயைத் திறக்க ஆரம்பித்திருந்தது. முதலில் ஒரு இழை. அப்புறம் ஒரு கல்யாண வீட்டளவு. அப்புறம் மூச்சு முட்டுமளவு. ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

துயரத்தைப் பற்றித் தடித்தடியான புத்தகங்கள் படித்தவன் நான். இருட்டு, மழை, மருத்துவமனைப் படுக்கை எல்லாம் அவற்றில் உண்டு. அது இவ்வளவு நல்ல வாசத்தோடு வரும் என்று ஒரு புத்தகமும் சொல்லவில்லை.

முருகேசனின் போன் அடித்தது. பேச்சியக்கா. முருகேசன் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"போய்ச் சேந்துட்டியா அப்பு?"

"இந்தா, போய்க்கிட்டே இருக்கேன்க்கா."

"வண்டிச் சத்தமே கேக்கலியே அப்பு."

முருகேசன் என்னைப் பார்க்கவில்லை. மூட்டைகளையும் பார்க்கவில்லை. "நின்னுதான் பேசுறேன்க்கா" என்றார். அதில் பொய் எதுவும் இல்லை.

பூசையில் இருக்கும் லேத்

பத்து மணிவாக்கில் தாடிக்கொம்பிலிருந்து மெக்கானிக் காதர் பாய் மொபெட்டில் வந்தார். குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். விரலை விட்டுத் தடவினார்.

"மரையே இல்லையே முருகேசா. யார் கை வச்சது?"

"நான்தான்" என்றேன்.

"சார் என்ன வேலை பாக்குறீங்க?"

"பள்ளிக்கூடத்துல... ஃபிசிக்ஸ்."

"யா அல்லா" என்றார் காதர் பாய். அதோடு என் பக்கம் திரும்பவே இல்லை.

எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கி, லேத் பட்டறையில் கொடுத்துக் குழிக்குப் புது மரை போட வேண்டும். ஆனால் லேத்துக்காரர் முந்தின நாளே மெஷினைத் துடைத்து, பொட்டு வைத்து, ஷட்டரை இறக்கிவிட்டார். பூசையில் வைத்த கருவியை விஜயதசமி கழிந்துதான் தொடுவார்கள். அதன்பின் ஞாயிறு வந்தது. திண்டுக்கல்லில் எல்லா லேத்தும் அப்படித்தான். ஊரே ஆயுதத்துக்கு ஓய்வு கொடுத்த நேரத்தில் நான் ஒருவன்தான் ஆயுதத்தைத் தூக்கியிருந்தேன்.

நடுப்பகலுக்கு மேல் காலியாகத் திரும்பிய ஒரு பால் வண்டி இரக்கப்பட்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டது.

மார்க்கெட் கழுவிவிட்டதுபோல் கிடந்தது. கடைக்காரர் ஒரு மூட்டைக்குள் கையை விட்டு, அள்ளி, விரித்துப் பார்த்தார். எல்லாம் வெள்ளை வெளேரென்று மலர்ந்து, ஓரம் பழுப்பேறியிருந்தது.

"தொடுக்கவும் ஆகாது, மாலைக்கும் ஆகாது. சென்ட்டுக்கு வாங்குறவன்கூடக் காலையோட போயிட்டான். என்னய்யா முருகேசா, இன்னிக்கிப் போயி..."

முருகேசன் மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மூலையில் கொட்டினார். கொட்டி முடித்ததும் ஆறு சேலைத் துணிகளையும் உதறி, தனித்தனியாக மடித்தார். மஞ்சளை மட்டும் இரண்டாவது தடவை பிரித்து, இன்னும் நன்றாக மடித்தார். அந்த மடிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குப் பதில் அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

யாரும் திட்டவில்லை

ஊரில் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். பேச்சியக்கா துணியை வாங்கிக்கொண்டு, "சாப்டியா அப்பு?" என்று மட்டும் முருகேசனைக் கேட்டார்.

மறுநாள் விடிகாலையில் அகரத்திலிருந்து வேறொரு லோடு வண்டி வந்து தெருவில் ஹாரன் அடித்தது. ஐந்து வீட்டு மூட்டைகளும் ஏறின. செல்வி வீட்டு மூட்டையும் ஏறியது, வேறு வழியில்லை. அன்று ஆயுத பூசை. எங்கள் வண்டி புளியமரத்தடியில் சந்தனப் பொட்டோடு நின்றது.

லேத் திறந்து, ஹெட் தயாராகி, வண்டி ஊர் திரும்பியபோது ஏற்றுவதற்குப் பூ இல்லை. எல்லாரும் புதிய வண்டிக்குப் பழகிவிட்டார்கள். சில நாள் முருகேசன் தன் ஒற்றை மூட்டையோடு போய் வந்தார். அது பெட்ரோலுக்கே பற்றவில்லை. கார்த்திகைக்குள் திருப்பூர் போய்விட்டார். தை பிறந்ததும் செல்வி ஆள் விட்டு மல்லிச் செடியைப் பிடுங்கினாள். "தண்ணியும் இல்ல, பாக்க ஆளும் இல்லண்ணே" என்றாள் போனில். வண்டி எங்கேயோ கைமாறிப்போனது.

வகுப்பில் இன்றும் ஸ்பார்க் பிளக் வரைகிறேன். இப்போதெல்லாம் படம் முன்னைவிட நன்றாகவே வருகிறது.

டீக்கடை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு தாங்காமல் திருப்பூருக்கே போனேன். கம்பெனிக்கு எதிரிலிருந்த டீக்கடையில் முருகேசன் வந்து உட்கார்ந்தார். கழுத்தில் அட்டை, தலைமுடியெல்லாம் பஞ்சு. நரைத்துவிட்டாரோ என்று ஒரு நிமிடம் பதறிவிட்டேன்.

பேருந்தில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்த மன்னிப்பை ஒப்பித்தேன். நீளமான மன்னிப்பு. முன்னுரை, பொருளுரை எல்லாம் இருந்தது. அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

முடித்துவிட்டு, "அன்னிக்கி அதுக்கு என்னதான் செஞ்சிருக்கணும் மாப்ளே?" என்றேன்.

"ஒண்ணும் செஞ்சிருக்க வேணாம் மச்சான். அந்தக் குழியில கிடந்த தண்ணியை ஒத்தி எடுத்துட்டு, சீட்டைத் தூக்கி செத்த நேரம் வெயில்ல விட்டா தானா காஞ்சிரும். அதுக்கு முந்தின வருசம் பூசைக்கு நானும் கழுவிப்புட்டு முழிச்சேன்ல. பத்து நிமிசம். ஸ்டார்ட் ஆயிருச்சு."

"இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே மாப்ளே!"

முருகேசன் தம்ளரை வைத்தார். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே யோசித்துப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஆரம்பிச்சேன் மச்சான். நீங்க பாடம் நடத்திக்கிட்டு இருந்தீங்க."